அக்கம்பக்கத்து வெளிச்சம்

கேற்றடியில் நாய் குரைத்தது. யசோதினி மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது அங்கே நாய் இல்லை.

குரைப்பு இருந்தது. நகங்கள் சீமெந்துத் தரையைப் பிராண்டும் ஓசை இருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிய ரோமத்தின் புழுங்கல் நாற்றம், கீழ்வீட்டு அடுப்பில் வறுபடும் கருவாட்டு வாசனையோடு சேர்ந்து மேலே வந்தது. பனிமூட்டம் மறைக்கிறது என்று முதலில் நினைத்தாள். பிலிமத்தலாவைக் காலைகளில் பனிமூட்டம் புதிதல்ல. ஆனால் கேற்றின் கம்பிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. நாய் வழக்கமாகப் படுக்கும் தரையில் கொண்டை ஊசி போல வளைந்த வெடிப்பு ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் அதே வெடிப்பு. அதற்கும் பக்கத்தில் மீண்டும் அதே.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் கண் பழகிய கண்.

பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றுக்கு யசோதினி வீட்டிலிருந்தே வேலை செய்தாள். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் எங்கோ தொலைவில் மங்கிக் கிடக்கும் விண்மீன் மண்டலங்களின் பிரகாசத்தை அளப்பதுதான் வேலை. அதில் பெரிய தொல்லை அக்கம்பக்கம். அளக்க வேண்டிய மண்டலத்துக்கு அருகில் இன்னொன்று மினுங்கினால், அதன் வெளிச்சம் கசிந்து வந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் அயலில் உள்ளவற்றை மூடிவிட வேண்டும். மூடிய ஓட்டை தெரியாதபடி, சுற்றியிருக்கும் வெற்று வானத்தையே பிரதி எடுத்துக் கணினி அதில் நிரப்பிவிடும். ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது ஒட்டுப் போட்ட இடம் என்று புரியும். இத்தனை வருடங்களில் அவள் எத்தனையோ ஆயிரத்தை மூடியிருப்பாள். மூடியதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. யார்தான் நினைப்பார்கள்?

அவள் கீழே இறங்கிப் போனாள். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி றோஸ் அக்கா வாசலில் நின்றாள்.

"அக்கா, ஜிம்மி எங்க?"

"இந்தா, காலுக்குள்ளயே நிக்குதே. கண்ணு தெரியலயா புள்ள?"

றோஸ் அக்கா குனிந்து வெறும் காற்றைத் தடவிக் கொடுத்தாள். அவளுடைய கை ஒரு முதுகின் வளைவில் போய் வந்தது.

யசோதினி பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. போன மழைக்கு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்து வீட்டோடு அப்பா ராஜரத்தினம் மண்ணுக்குள் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லை. சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் அவளைக் கல்லு என்று காதுபடவே பேசினார்கள். சில மாதம் கழித்து அந்த இடத்தைப் பார்க்கப் போனாள். சரிவு முழுக்கப் பச்சைப் புல். அங்கே ஒரு வீடு இருந்ததாக மலைக்கே ஞாபகம் இல்லாதது போலிருந்தது. பார்த்துவிட்டு வந்து சோறு வடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கணவன் திலீபன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். பல்லேகலத் தொழிற்சாலையில் சுப்பவைசர். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பகலில் வீட்டுச் சோறு. அவள் குசினியிலிருந்து பருப்புச் சட்டியோடு வந்தாள். மேசையருகே கதிரை இல்லை. சோற்றுக் கோப்பை இல்லை. சுவரில் கலண்டர் தொங்கியது. அதன் பக்கத்தில் அதே கலண்டர், அதே மடிந்த மூலையோடு. பிறகு இன்னொன்று.

"பருப்பு போடு யசோ," என்றான் திலீபன்.

சுவர்தான் பேசியது. சோறு பிசையும் ஓசை கேட்டது. அப்பளம் நொறுங்கியது. அவள் குரல் வந்த பக்கம் அகப்பையைச் சரித்தாள். பருப்பு பாதி வழியில் மறைந்து, ஏதோ ஒரு கோப்பையில் விழும் சத்தம் வந்தது.

"போதும், போதும். எங்க பாத்துக்கிட்டு ஊத்துற?"

ஈரமான, சூடான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. விரல் எதுவும் தெரியவில்லை. அவளுடைய தோல் மட்டும் நான்கு இடத்தில் பள்ளமாகி, மெல்ல எழும்பியது.

கத்தியிருக்கலாம். அவள் குசினிக்குப் போய் அகப்பையைக் கழுவினாள். தண்ணீர் விரல்களில் சில்லென்று பட்டது. அப்போதுதான், மற்றவர்களுடைய மனது கடைசியில் போய்ச் சேரும் இடத்துக்கு அவளுடைய மனது நேராகப் போனது. சும்மா யாரும் அயலை மூடுவதில்லை. நடுவில் இருக்கும் ஒன்றை அளப்பதற்காகத்தான் மூடுவார்கள். முதலில் நாய். இப்போது கதிரையோடு புருஷன். இரண்டுக்கும் நடுவில் இருந்தது யார்?

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை பளிச்சென்று தெரிந்தன.

அடுத்து வந்த நாட்களில் எதிர்ப்பக்க மலையில் வீடுகள் குறைந்தன. ஒரு பலாமரம் ஏழெட்டு இடத்தில் ஒரே சாய்வில் நின்றது. கொழும்பு ரோட்டில் பஸ் இரைச்சலும் ஹோர்னும் கேட்டன. ரோட்டில் பஸ் இல்லை. றோஸ் அக்கா படியில் பேசிக்கொண்டு ஏறி வந்தாள், படி வெறுமையாக இருந்தது. பேச்சுக்கு யசோதினி பதில் சொன்னாள். சீனி கேட்டதற்குச் சீனி கொடுத்தாள். டப்பா கையை விட்டுப் போய்ச் சுவரானது.

போகட்டும் என்றிருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஒன்றைத் தவிர.

மகள் மதுஷா. ஏழு வயது. முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு வீடு முழுவதும் திரிபவள். அவளை நினைக்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் மரத்துப்போகாத ஒரு சின்ன இடம் சுள்ளென்று வலித்தது. அதை விட்டுக்கொடுக்க யசோதினி தயாராக இல்லை.

வழி இருந்தது. இரண்டு மண்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஒன்றை மட்டும் மூட முடியாது. மூடினால் மற்றதும் வெட்டுப்படும். அப்படிப்பட்ட சோடிகளை அவள் தொடாமல் விட்டுவிடுவாள். ஆகவே பிள்ளையோடு ஒட்டிக்கொண்டாள். சாப்பிடும்போது மடியில். குளிக்கும்போது கூட. தூங்கும்போது கட்டிப் பிடித்தபடி.

"மூச்சு முட்டப் போகுது, புள்ளய விடு யசோ," என்றது கட்டிலின் வெற்றுப் பக்கம்.

அவள் விடவில்லை.

ஒரு திங்கள் காலை மதுஷா வெள்ளைச் சீருடையோடு அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தலை நிறையத் தேங்காய் எண்ணெய். யசோதினி உச்சி எடுத்து, ஒரு பக்கத்து முடியை மூன்றாகப் பிரித்தாள். பின்கழுத்தில் குட்டி மச்சம். பார்த்துக்கொண்டே பின்னினாள். கண்ணை எடுக்கவே இல்லை.

பின்னும்போது ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம், ஒட்டிக் கிடப்பவற்றைப் பிரிக்கும் புதிய மென்பொருள் ஒன்று வந்திருந்தது. எந்தப் புள்ளி யாருடையது என்று அது ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும். சுத்தமாகப் பிரிக்கும். சோதித்துப் பார்த்தது அவள்தான். திருப்தி என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

மச்சம் மங்கியது.

"மது."

"என்னம்மா?"

காது போனது. கழுத்துப்பட்டி போனது. மடியில் யசோதினியின் நைட்டி மட்டும். அதில் நீலப் பூ. பக்கத்தில் நீலப் பூ. ஒரே காம்பு. ஒரே இதழ்.

பாரம் அப்படியே இருந்தது. சூடும். எண்ணெய் மணமும். விரல்களுக்குள் முடி வழுக்கியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வலித்த அந்தச் சின்ன இடத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கேயும் சுற்றியிருந்ததே நிரம்பியிருந்தது.

கீழே வேன் ஹோர்ன் அடித்தது.

"சீக்கிரம் கட்டுங்கம்மா. வேன் வந்திருச்சு."

ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. ரோடு இல்லை. ஒரே சாம்பல் நிறம், ஓரத்திலிருந்து ஓரம் வரை.

மடியில் பிள்ளை அசைந்தாள். அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். தலை அவளுடைய நெஞ்சில் சாய்ந்து அழுத்தியது.

"அம்மா," குரல் இறங்கியிருந்தது. "மேல இருந்து அது ஏன் உங்களையே பாக்குது?"

யசோதினி ரிப்பனை எடுத்தாள். சடை நுனியைத் தடவிக் கண்டுபிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இறுக்கினாள். வெள்ளை ரிப்பன் அவள் விரல்களுக்கு நடுவிலேயே நீலப் பூவானது. அவள் மறுபக்கத்து முடியை மூன்றாகப் பிரித்தாள்.