சோடா பாட்டில் நடந்த கட்டடம்

“நான் வேலை பார்த்த இடத்துல சோடா பாட்டிலுக்குக் கால் இருந்துச்சு, தெரியுமா?” என்றார் சின்னத் தாத்தா. “கடைசி வரிசையில கீழே வெச்சா போதும். யாரும் தொட வேண்டாம், வழி சொல்ல வேண்டாம். தானா நடந்து, எழுநூறு பேரைத் தாண்டி, திரைக்குக் கீழே போய் நின்னு படம் பார்க்கும்!”

சுண்டுவின் அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். இடது உள்ளங்கையில் ஒரு கோடு போட்டான்.

“என்னப்பா அது, ஜட்ஜய்யா?”

“புளுகு நம்பர் ஒண்ணு, தாத்தா.”

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவும் சேர்ந்து சிரித்தார். பிடிபட்டால் அவருக்கு இன்னும் குஷிதான்.

சின்னத் தாத்தா அம்மாவின் சித்தப்பா. இந்த ஊர் சினிமா தியேட்டரில் முப்பத்திரண்டு வருடம் டார்ச் அடித்து, இருட்டில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டியவர். ஓய்வு பெற்றதும் வெகுதூரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. சுண்டுவின் அப்பாவுக்கு இங்கே மாற்றலாகி மூன்று மாதம் ஆகிறது என்று கேள்விப்பட்டதும், பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். இரண்டே நாள் தங்கல்.

“வாங்க, என் ஊரை உங்களுக்குக் காட்டறேன்,” என்று சனிக்கிழமை காலையில் இருவரையும் கிளப்பினார்.

முதலில் ஒரு வங்கி.

“இது ஐஸ் ஃபேக்டரியா இருந்துச்சு. ஒருநாள் இங்கேருந்து ஒரு ஐஸ் பாளம் வழுக்கிக்கிட்டு ஓடி, ஸ்டேஷனுக்கே போய், டிக்கெட் எடுக்காம ரயில் ஏறிடுச்சு!”

அண்ணன் கோடு போட்டான். கதவு திறந்தபோது உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது. “பார்த்தியா சுண்டு, ஐஸ் போயிடுச்சு. குளிர் மட்டும் போகல,” என்றார் தாத்தா.

அடுத்தது பல் மருத்துவமனை. முன்பு அது போட்டோ ஸ்டுடியோவாம்.

“அன்னைக்கும் உள்ளே போனா பல்லைக் காட்டச் சொல்வாங்க. இன்னைக்கும் அதேதான்!”

கடிகாரக் கடை மருந்துக் கடையாகியிருந்தது. “இங்கே இன்னமும் மணிதான் சொல்லித் தர்றாங்க. காலையில எட்டு, ராத்திரி எட்டு!”

இப்படி மூன்று தெரு நடப்பதற்குள் அண்ணனின் கையில் ஒன்பது கோடு.

நான்காவது தெருவில் தாத்தா வேகமாக நடந்தார். “இந்த முனை திரும்பினா என் தியேட்டர். பன்னிரண்டு அடி உயரக் கதவு. வாசல்ல ரெண்டு பெரிய தூண்.”

முனை திரும்பினார்கள்.

தூணும் இல்லை, கதவும் இல்லை. கண்ணாடியால் மூடிய ஒரு பெரிய செருப்புக் கடை நின்றது. வாசல் காவலாளிக்கு அப்பா வயதுகூட இருக்காது.

“தம்பி, இங்கே ஒரு சினிமா தியேட்டர்...”

“தியேட்டரா? இங்கே அப்படி எதுவும் இல்லையே, பெரியவரே. நீங்க தெரு மாறி வந்துட்டீங்க போல.”

தாத்தா எதிர்ப்பக்கம் பார்த்தார். பிறகு வந்த வழியைப் பார்த்தார். அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட இல்லை.

“பத்தாவது புளுகு,” என்று அண்ணன் பேனாவை எடுத்தான். தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் தாத்தா எதையும் காட்டவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்: “எவ்வளவோ கூட்டிக் கூட்டிச் சொல்லிட்டேன், சுண்டு. எது நடந்தது, எது நான் சேர்த்ததுன்னு இப்போ எனக்கே தெரியல. அந்தப் பாட்டிலும் நான் கட்டிவிட்டதுதானோ என்னவோ.”

அன்று இரவு அவர் சாப்பிடும்போது ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வீடே நன்றாக இல்லை. ‘ரொம்பச் சிரிச்சுட்டோமோ?’ என்று சுண்டு நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் பள்ளி ஷூ வாங்க அம்மா அவளை அந்தச் செருப்புக் கடைக்கே அழைத்துப் போனாள். வாசலிலிருந்து உள்சுவர் வரை வரிசை வரிசையாக நீள பெஞ்சுகள். உள்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி.

ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெஞ்சின் முன்காலுக்குக் கீழே மடித்த அட்டை. அடுத்த பெஞ்சுக்கும் அட்டை. எல்லா பெஞ்சுக்கும் முன்காலுக்கு மட்டும் அட்டை!

“எதுக்கு அக்கா இது?”

“அந்தக் கதையை ஏன் கேக்கறே?” என்றாள் விற்பனைக்கார அக்கா. “தரை கண்ணாடிப் பக்கமா சரிவு. சக்கரம் வெச்ச ஸ்டூலை விட்டுட்டுத் திரும்பினா, அது பாட்டுக்குக் கண்ணாடிக்குப் போயிடும். யாரு கட்டினாங்களோ!”

வங்கியில் குளிர் மிச்சமிருந்தது. இங்கே சரிவு மிச்சமோ?

சுண்டு புது ஷூவோடு வீட்டுக்கு ஓடினாள். தாத்தா பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“தாத்தா, கடைக்கு வாங்க!”

“வேணாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. எனக்காக வாங்க. அண்ணா, நீயும் வா. பேனாவையும் எடுத்துக்கோ.”

வழியில் ஒரு சோடா வாங்கி மூவரும் குடித்தார்கள். காலிக் கண்ணாடிப் பாட்டிலை சுண்டு கையில் வைத்துக்கொண்டாள். கடைக்குள் நுழைந்ததும், “அக்கா, ஒரே ஒரு தடவை!” என்று கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் களைத்திருந்த அக்கா, “உடையாம பார்த்துக்கோ,” என்றாள்.

சுண்டு பாட்டிலைத் தாத்தாவிடம் நீட்டினாள். “கடைசி வரிசையில வையுங்க.”

தாத்தா வாசலோரம் பாட்டிலைப் படுக்க வைத்து, விரலை எடுத்தார்.

ஒரு நொடி அது சும்மா கிடந்தது. பிறகு அரை வட்டம் திரும்பியது. அதன்பின் கடகடவென்று புறப்பட்டது பாருங்கள்! ராஜா ஊர்வலம்கூட அப்படிப் போயிருக்காது!

“மூணாவது வரிசை, காலைத் தூக்குங்க! அம்மா, காலைத் தூக்குங்க!” தாத்தாவின் குரல் கடையையே அதிரவைத்தது. ஷூ போட்டவர்கள், போடாதவர்கள், ஒற்றைக்காலில் மட்டும் போட்டவர்கள் எல்லோரும் காலைத் தூக்கினார்கள். பாட்டில் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து புறப்பட்டு, கண்ணாடியில் ‘டொக்’ என்று முட்டி நின்றது. கீறல்கூட இல்லை.

தாத்தா பின்னாலேயே நடந்து போனார். கண்ணாடியில் ஒரு வயதான மனிதர் எதிரே வந்தார்.

“இங்கேதான் திரை இருந்துச்சு,” என்றார் மெல்ல. “முப்பத்திரண்டு வருஷம் இதுக்கு முதுகைக் காட்டியே நின்னேன், சுண்டு. லேட்டா வர்றவங்களுக்கு டார்ச் அடிச்சு அடிச்சு, ஒரு படத்தோட ஆரம்பத்தைக்கூட நான் பார்த்ததில்ல. வேலை விட்டதும் டிக்கெட் எடுத்து, முதல் ஆளா வந்து உட்காரணும்னு இருந்தேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிப் போட்டேன்.”

சுண்டு முதல் பெஞ்சைக் கையால் தட்டினாள். “இப்போ உட்காருங்க தாத்தா.”

தாத்தா உட்கார்ந்தார். ஒரு பக்கம் சுண்டு. மறுபக்கம் அண்ணன். கண்ணாடியில் மூன்று பேர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் இடது கையை விரித்தான். குளித்தும் போகாத ஒன்பது கோடுகள். கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, முதல் கோட்டை மட்டும் தேய்த்துத் தேய்த்து அழித்தான்.

“நடந்து போச்சு தாத்தா,” என்றான் தலையைக் குனிந்துகொண்டே. “நானே பார்த்தேன்.”