வகுபடும் மணமகள்

மணப்பதிவகத்தின் பகுப்பான் எந்திரத்தில் தாமிரா தன் கட்டைவிரலை வைத்தாள். திரையில், "வாழ்த்துகள்! சற்குணம், ரூபி தம்பதியர்" என்னும் சொற்கள் தோன்றின.

"யாரு சற்குணம்?" என்றான் அவளை மணக்க மாலையுடன் நின்ற நன்மாறன்.

"எனக்கென்ன தெரியும்? என்னைய ஏன் மொறைக்கிற?"

பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாபெரும் பகா எண் வழங்கப்பட்ட காலம் அது. பகா எண்ணாவது, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது. திருமணத்தின்போது இருவரின் எண்களும் பெருக்கப்படும். அப்பெருக்கற்பலனே மண எண். எந்தப் பகு எண்ணும் ஒரே விதமாகத்தான் பகா எண்களாகப் பிரியும் ஆதலால், மண எண்ணைப் பகுத்துத் தம்பதியரைப் பிழையின்றி அறியலாம். முதல் தலைமுறையினர்க்கு நூறு இலக்க எண்களும், பின்வந்தோர்க்கு இருநூறு இலக்க எண்களும் அளிக்கப்பட்டன. விரைவுச் சோதனையில் தேறிய எண்ணே பகா எண்ணாகக் கொள்ளப்பட்டது. அச்சோதனை தவறுவது அரிதினும் அரிது. தாமிராவின் எண்ணில் அது தவறியிருந்தது: அவள் எண், முதல் தலைமுறையினர் இருவரின் எண்களைப் பெருக்கி வந்த பலனாக அமைந்திருந்தது.

"தம்பி, இது ஒரு ஆளோட எண் இல்ல, ஒரு கல்யாணம்" என்றார் பதிவாளர் மங்கையற்கரசி. "ஏற்கெனவே கல்யாணமான ரெண்டு பேர நீங்க கட்டிக்க முடியாது."

"அப்ப இவளுக்கு வேற எண் குடுங்க மேடம்."

"பிறக்கும்போதுதான் குடுப்போம்."

உரியவர்கள் அழைக்கப்பட்டனர்.

"யாருங்க நீங்க?" என்றார் தையற்கடை நடத்தும் கைம்பெண்ணான ரூபி.

"உங்க வீட்டுக்காரராம்" என்றார் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் சற்குணம். "இத்தன வருசமா பிரம்மச்சாரின்னு பீத்திக்கிட்டு இருந்தேன். மானத்த வாங்கிட்டாங்க."

மணமுறிவுக்கு இருவரும் மகிழ்ச்சியுடன் விரல் நீட்டினர். திரை வினவியது: "மண எண் அழிக்கப்படும். தொடரலாமா?"

"ஐயோ, அது என் எண்ணு!" என்று அலறினாள் தாமிரா.

ரூபி விரலை மடக்கினார். "இந்தப் பொண்ணு இல்லாமப் போயிருமா? வேணாம்மா. நான் இவருக்கே வாக்கப்பட்டுத் தொலைக்கிறேன்."

"தொலைக்கிறீங்களா? நான் என்ன அவ்வளவு மோசமா?" என்றார் சற்குணம்.

அவர்கள் பிரிந்தால் தாமிரா இல்லை. பிரியாவிட்டால் அவளுக்குத் திருமணம் இல்லை. பதிவாளர் விதிகளைத் திரையில் நெடுநேரம் புரட்டி, ஒன்றைக் கண்டார்.

"ரெண்டு தம்பதி சேர்ந்தா கூட்டுக்குடும்பம்னு பதியலாம். தம்பி, உங்க எண்ணும் இந்தப் பொண்ணோடதாட்டம் பகு எண்ணா, அதாவது ஒரு தம்பதியா இருந்துட்டா, உங்க ரெண்டு பேரயும் சேர்த்துடலாம்."

பகா எண்ணாகப் பிறந்தமைக்குப் பெருமை கொள்ளுமாறு பள்ளியில் பயிற்றுவிக்கப்பட்ட நன்மாறன், தான் பகு எண்ணாக இருத்தல் வேண்டும் என்று மனத்துள் இறைஞ்சி விரலை வைத்தான். பகுப்பான் ஓடியது. தாமிரா அவன் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"ஐயமற்ற பகா எண். வாழ்த்துகள்!" என்றது திரை.

நன்மாறன் விரலை எடுக்கவில்லை.

"மேடம், இன்னொரு தடவ நல்லாப் பாருங்க" என்றான். "எதுலயாச்சும் வகுபடும்."