மாமாவைப் பிடித்த கருவாடு

மனிதர்கள் மீன் பிடிப்பார்கள். அதில் என்ன புதினம்? ஆனால் ஒரு மீன் மனிதரைப் பிடித்த கதை தெரியுமா? அதுவும் துள்ளுகிற மீன் அல்ல. காய்ந்து, உப்பேறி, செத்தல் மிளகாயோடு பொரிந்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் சும்மா படுத்துக் கிடந்த கருவாடு! அது பிடித்தது சின்ன ஆளையும் அல்ல. யானைக்குத் தம்பி மாதிரி ஒரு மாமாவை. பிடித்த இடம், வட துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையின் வயிறு!

நீங்கள் நம்பமாட்டீர்கள். குகநேசன் மாமாவும் நம்பவில்லை. இத்தனைக்கும் பிடிபட்டதே அவர்தான்.

குகநேசன் மாமாவுக்கு ஒஸ்லோவில் டாக்சி ஓடுகிற வேலை. ஒஸ்லோவின் தெருக்கள் அத்தனையும் அவருடைய தலைக்குள் இருந்தன. மிச்ச இடத்தில் பழைய பாட்டுகள் இருந்தன.

“கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டை வந்து சேருவன். தொலையிறது எண்ட வேலை எனக்குத் தெரியாது,” என்பார்.

“அப்ப போன கிழமை பக்கத்து பிளாட்டிலை பெல் அடிச்சது ஆர், மாமா?” என்று கேட்டாள் அவருடைய அக்கா மகள் தர்மிகா. பத்து வயது. ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள ஹவுகன்ஸ்டுவாவில் வீடு.

“அது… அந்தச் சனம் சுகமாய் இருக்கினமோ எண்டு கேக்கப் போனனான்.”

ஹவுகன்ஸ்டுவாவில் மாடிவீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொலையத் தெரியாதவர் அப்படிச் சொல்லலாமா?

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கோடை விடுமுறையில் மாமா மலிவாக விமான டிக்கெட்டுகள் பிடித்தார். எங்கே? ஸ்வால்பார்டுக்கு! நோர்வேயின் வரைபடத்தில் உச்சியில், விழுந்துவிடுமோ என்று தொங்கிக்கொண்டிருக்கிற பனித்தீவு அது. அங்கே மூடிவிட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள்.

“நோர்வேயிலை நான் பாக்காத ரோட்டு அங்கைதான் இருக்கு,” என்றார் மாமா.

தர்மிகாவின் அம்மா இந்திரா, வழிச் சாப்பாடு கட்டினார். புட்டும் கட்டா மீன் கருவாட்டுப் பொரியலும். விமானம் மேலே ஏறியதுமே அந்த வாசம் பெட்டியின் இடுக்கு வழியே மெல்ல எட்டிப் பார்த்தது. முன் இருக்கைக்காரர் தன் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

“அக்கா, அந்தப் பெட்டியைத் திறந்தியளெண்டால் நான் உங்களைத் தெரியாத ஆள்,” என்று கிசுகிசுத்தார் மாமா.

“பசிச்சால் நீதான் முதல் தெரிஞ்ச ஆளாய் வருவாய்,” என்றார் அம்மா.

அருங்காட்சியக வாசலில், “தயவுசெய்து சப்பாத்தைக் கழற்றுங்கள்,” என்று எழுதியிருந்தது. கரித்தூள் உள்ளே வரக்கூடாது என்பதற்காக அந்த ஊரில் அந்தக் காலத்திலிருந்தே அப்படி ஒரு வழக்கம்.

“நல்ல சனம். எங்களைப் போலத்தான்,” என்று அம்மா உடனே அந்த ஊருக்கே நூற்றுக்கு நூறு கொடுத்துவிட்டார்.

பிறகு, கூட வந்த ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் உட்பட எல்லாருக்கும் சுரங்க உடுப்பும் பூட்ஸும் விளக்கு வைத்த தலைக்கவசமும் கொடுத்தார்கள். மாமாவின் உடுப்பு வயிற்றோடு சண்டை பிடித்தது. கடைசியில் வயிறு வென்றது; ஒரு பொத்தான் பறந்தது.

வழிகாட்டியின் பெயர் பெரித். சுரங்கத்தில் வேலை செய்தவரின் மகள். அவர் நோர்வேஜிய மொழியில் உரத்த குரலில் பேசினார். அவர் சிரித்தால் கூரையிலிருந்து கொஞ்சம் கரி உதிர்ந்தது.

உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. சுவரில் உறைபனி மின்னியது. இருட்டு எவ்வளவு தடிப்பு என்றால், கத்தியால் வெட்டித் தட்டில் வைக்கலாம் போல இருந்தது.

ஓரிடத்தில், பெரிய சேவல் அளவில் ஒரு காற்றூதி நின்றது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே விசிறி சுழலும். அதிலிருந்து ஒரு தகரக் குழாய் புறப்பட்டு, சங்கிலி போட்டு அடைத்த பக்கக் குகைக்குள் போய் மறைந்தது.

“இந்தக் குழாய் உள்ளே கிளைக் குகை எல்லாவற்றுக்கும் போகிறது,” என்றார் பெரித். “உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று அனுப்ப. ஆபத்து வந்தால் என்ன செய்வார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?”

“கத்துவார்கள்,” என்றாள் தர்மிகா.

“எந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அதனால் அழுகிய முட்டை மாதிரி நாறுகிற ஒரு மருந்தைக் குழாய்க்குள் விடுவார்கள். நாற்றம் வந்ததா, கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு வெளியே வரவேண்டும்.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப எங்கடை அக்கான்ரை பெட்டி போதுமே! சுரங்கமே எழும்பி ஓடும்!”

அம்மா முறைத்தார். தர்மிகா தோளில் இருந்த பையைத் தடவிக்கொண்டாள். பெட்டி அதற்குள்தான் இருந்தது.

எல்லாரும் சற்றுத் தூரம் நடந்து பழைய கரி வெட்டும் எந்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். காற்றூதிக்குக் கிட்ட வந்ததும் பெரித் ஆட்களை எண்ணினார். முகம் மாறியது. இன்னொரு தரம் எண்ணினார்.

“அம்மா, மாமா எங்கை?”

சங்கிலி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கரியிலே, பெரிய பூட்ஸ் அடையாளம். உள்ளே ஒரு பழைய கரிவண்டி தெரிந்தது. மாமா படம் எடுக்கக் குனிந்து நுழைந்திருக்கிறார்! ஆனால் வண்டியடியில் ஆள் இல்லை.

அப்போது கேட்டது ஒரு பாட்டு.

மாமாவின் குரல்தான். பயம் வந்தால் அவர் பாடுவார். பயம் எவ்வளவோ, பாட்டும் அவ்வளவு சத்தம். அது இடது பக்கத்திலிருந்து வந்தது, வலது பக்கத்திலிருந்தும் வந்தது, கூரையிலிருந்துகூட வந்தது. மலை முழுக்கப் பத்து மாமாக்கள் பாடுவது போல இருந்தது.

“தம்பீ! இஞ்சாலை வா!” என்று அம்மா கத்தினார்.

பாட்டு நிற்கவில்லை. அவருடைய சத்தத்தில் அவருக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை, பாட்டு வரவரத் தேய்ந்துகொண்டு போனது. மாமா தவறான பக்கத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

பெரித் சுவரிலிருந்த தொலைபேசியில் ஊருக்குச் சொன்னார். “மீட்புக்காரர் வர ஒரு மணித்தியாலம் ஆகும். உங்களை விட்டுவிட்டு நான் உள்ளே போகக்கூடாது. அவருடைய விளக்கில் மின்கலம் அவ்வளவு நேரம் தாங்குமோ தெரியாது.” இப்போது அவர் சிரிக்கவில்லை.

அம்மா தர்மிகாவின் கையை இறுக்கிப் பிடித்தார். இருட்டுக்குள் மாமா தனியே. ஐஸ்கிரீம் வாங்கித் தந்துவிட்டு அதில் பாதியைச் சாப்பிடுகிற மாமா.

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு தன் பையைப் பார்த்தாள்.

“அம்மா! மாமான்ரை காது பாட்டிலை இருக்கு. மூக்கு சும்மாதானே இருக்கு!”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?”

தர்மிகா பெட்டியை வெளியே எடுத்து, பெரித்திடம் நோர்வேஜிய மொழியில் படபடவென்று விளக்கினாள். பெரித் பெட்டியைப் பார்த்தார். காற்றூதியைப் பார்த்தார். “இந்தக் குழாய் போகாத குகையே இல்லை,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “திற!”

மூடி திறந்தது.

ஆகா! அந்த வாசம்! பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரின் மீசை நேராக நிமிர்ந்தது. அவருடைய மனைவி இரண்டு அடி பின்னுக்குப் போனார். வெளியே மலைக்கு அப்பால் ஒரு பனிக்கரடி தூக்கம் கலைந்து எழும்பியதாகவும் கேள்வி.

தர்மிகா பெட்டியைக் காற்றூதியின் வாயில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். கனமோ கனம்! அம்மா சேர்ந்து பிடித்தார். ஜெர்மன்காரர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பிடித்தார். விசிறி உறுமியது. குழாய் தடதடத்தது. கட்டாக் கருவாட்டின் வாசம் மலையின் குடலுக்குள் புறப்பட்டது.

சுற்றினார்கள், சுற்றினார்கள், கை கழன்றுவிடும் போலச் சுற்றினார்கள்.

திடீரென்று பாட்டு நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் கை கைப்பிடியில் அப்படியே நின்றது.

“சுத்துங்கோ! நிப்பாட்டாதேங்கோ!” என்றாள் தர்மிகா.

தூரத்தில் தகரத்தை யாரோ தட்டுகிற ஓசை. டங்… டங்… கொஞ்சம் கிட்ட, டங்… இன்னும் கிட்ட. பிறகு இருட்டுக்குள் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்குக்குப் பின்னால் மாமா வந்தார். தலை முதல் கால் வரை கரி. ஒரு கை மட்டும் குழாயை விடவே இல்லை. அவருடைய விளக்கு மினுக் மினுக் என்று சாகக் கிடந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். பெரித் சிரித்தார், கூரை கரி உதிர்த்தது. அம்மா மாமாவின் முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு, அதே இடத்தைத் தடவியும் கொடுத்தார்.

“தொலைஞ்சு போனியளோ, மாமா?”

“ஆர் தொலைஞ்சது? சும்மா ஒருக்காச் சுத்திப் பாத்தனான். சாப்பாட்டு நேரம் எண்டு திரும்பி வந்தனான்.”

பெரித் மீட்புக்காரரை வரவேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மாமாவுக்கு நல்ல கண்டிப்பாக ஒரு பேச்சுக் கொடுத்தார். மாமா தலையைக் குனிந்து கேட்டார். பிறகு சுரங்கத்தை விட்டு அருங்காட்சியகக் கூடத்துக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, எல்லாரும் வட்டமாக இருந்து புட்டும் கருவாடும் சாப்பிட்டார்கள். காய்ந்த மீன் பெரித்துக்குப் புதிதல்ல, மிளகாய்தான் புதிது. கண்ணீர் வழிய வழிய அவர் மூன்று தரம் கேட்டு வாங்கினார்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு தர்மிகா இந்தக் கதையை ஹவுகன்ஸ்டுவா முழுக்கச் சொன்னாள். மாமா ஒவ்வொரு முறையும் மறுத்தார்.

“கருவாடு ஆளைப் பிடிச்சதாம்! முழுப் பொய். நான் தொலையவே இல்லை.”

ஒரு வருடம் போனது. அடுத்த கோடையில் மாமா நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கிற ஹம்மர்பெஸ்டுக்குக் கார் ஓடப் புறப்பட்டார். பைகள் ஏற்றியாயிற்று. கார் உறுமிக்கொண்டு நின்றது. ஆனால் மாமா வாசலிலேயே நின்றார்.

“என்ன தம்பி, எதை விட்டிட்டாய்?” என்று அம்மா கேட்டார்.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். தர்மிகா கதவுக்குப் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

“அக்கா, அந்தப் பெட்டியிலை கொஞ்சம் கருவாடு போட்டுத் தாங்கோவன்.”

“கார் மணக்குமே!”

“மணக்கட்டும், அக்கா,” என்றார் மாமா மெல்லிய குரலில். “போன முறை நான் தொலைஞ்சுதானே போனனான். அதுதானே என்னைப் பிடிச்சுக்கொண்டு வந்தது.”