சாந்தா உர்சுலாவின் பின்கிணறு

பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தை முற்றுகையிட்டு நின்ற சிலி நாட்டுப் போர்க்கப்பல் ‘சாந்தா உர்சுலா’வில் ஒயார்சோ ஏறியபோது, பனிமூட்டம் பாய்மரங்களைப் பாதிக்குமேல் விழுங்கியிருந்தது. மாலுமிகளுக்கு அவன்தான் புது மேஸ்திரி. தளமெங்கும் கரிப்புகையும் அழுகிய பாசியும் நாறின.

சமையல்காரன் ரெமீகியோ அவன் தட்டில் அவரைக் குழம்பை ஊற்றினான்.

“கரி தீரப்போகுதாமே? பாய் விரிச்சு ஓட்ட வேண்டியதுதானே?” என்று கேட்டான் ஒயார்சோ.

“பாய்ல ஓடணும்னா தண்ணிக்குள்ள கப்பலத் தள்ளுற விசிறிய மேல தூக்கணும், மேஸ்திரி. அந்தக் கிணத்துப் பக்கம் எவன் போவான்?”

கப்பலின் பின்பக்கம், விசிறியைத் தூக்கி இறக்கவென்று தளத்திலிருந்து கடல்வரை இறங்கும் சதுரக் கிணறு அது. போன மாதம் விசிறியில் மீன்வலை சிக்கியது. அறுத்தெடுக்க நிகனோர் என்ற மாலுமி உள்ளே இறங்கினான். தூரத்தில் புகை தெரிந்ததும் கேப்டன் பாரெனெச்சியா இயந்திரத்தை ஓட்டச் சொல்லிவிட்டார்.

“‘கீழ ஆளு இருக்கான்யா’ன்னு கத்தினோம். ‘எதிரி அவனுக்காகக் காத்திருப்பானா’ன்னாரு.” ரெமீகியோ குரலைத் தாழ்த்தினான். “கடைசில வந்தது நம்ம கரிக்கப்பல்.”

மறுநாள் விசிறியைத் தூக்க உத்தரவு வந்தது. மாலுமிகள் வடத்தை இழுத்தார்கள். பாதியில் அது நின்றது. அடியில் யாரோ தொங்குவதுபோல் கனத்தது.

“பொறுங்கடா... நான் இன்னும் மேல வரல.”

நிகனோரின் குரல்.

வடம் கைகளிலிருந்து நழுவியது. விசிறி இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

கேப்டன் சிரித்தார். “செத்தும் சோம்பேறித்தனம் போகல பாரு இவனுக்கு! ஓட்டுங்கடா இன்னொரு தடவை!”

“வேணாங்கய்யா,” என்றான் ஒயார்சோ.

“அப்ப நீ இறங்குறியா?”

ஒயார்சோ கிணற்று விளிம்பிலிருந்து பின்வாங்கினான்.

இயந்திரம் அதிர்ந்தது. கிணற்றுக்குள் ஏதோ நொறுங்கியது. ஓர் அலறல். பிறகு தண்ணீரின் சலசலப்பு மட்டும்.

கேப்டன் மீசையைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். இம்முறை விசிறி லேசாக மேலே வந்தது. அதில் ஒரு நூல்கூட ஒட்டியிருக்கவில்லை.

“பொறுங்கடா...”

மீண்டும் கிணற்றிலிருந்துதான். ஆனால் நிகனோரின் குரல் அல்ல.

கேப்டனுடையது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் உதடு அசையவில்லை.

மேலே தொங்கிய விசிறி எதனோடும் இணைக்கப்படாமலே மெல்லச் சுழலத் தொடங்கியது.

கேப்டனின் விலா ஒவ்வொன்றாக முறிவது கேட்டது. அவரை யாரும் தொடவில்லை. ஒயார்சோவின் கையைப் பிடித்தபடியே தளத்தில் சரிந்தார்.

விசிறி நிற்கவில்லை.

“பொறுங்கடா... நான் இன்னும் மேல வரல.”

இப்போது அது ஒயார்சோவின் குரல்.