பதில் வரும்வரை

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஓடுகிற வரிகள் அன்று சாயங்காலம் பாதியில் நின்றன. திருச்சி கம்பெனி ஒன்றுக்குக் கீரனூர் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சார்லஸ், கடைசி வரியை இரண்டு முறை படித்தான். கம்ப்யூட்டர் விழிக்கும்போது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னல், எப்போதோ இணைத்த கருவிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் வராவிட்டால் பழைய கர்னல் அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை அப்டேட்டில் வந்த புதியது, பதில் வரும்வரை காத்திருந்தது.

இனியாவுக்காகக் காத்திருந்தது.

மகளின் காது மெஷினுக்கு அவள் பெயரையே வைத்திருந்தான். கார்ட்டூன் சத்தம் நேரே அவள் காதுக்குப் போகட்டும் என்று ப்ளூடூத்தில் இணைத்திருந்தான். மெஷினை மாட்டிவிட அவன் மனைவி ஷர்லி மறந்த ஒரு காலையில், பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கவில்லை. சவப்பெட்டியை மூடுமுன் ஷர்லிதான் அதை அவள் காதில் மாட்டினாள். எட்டு மாதமாயிற்று. அதன் பேட்டரி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

தொண்ணூறாவது நொடியில் பதில் வந்தது.

அணைத்துப் போட்டான். நாற்பது நொடி. மறுபடி போட்டான். பதினொன்று. மெஷினுக்குக் கேட்பது ஸ்பீக்கரில் வந்தது: ஈரமண் பொலபொலவென்று சரிகிற சத்தம். பிறகு, செருப்பில்லாத சின்னக் கால்கள் தார்ரோட்டில் ஒட்டி ஒட்டி எழுகிற சத்தம். வயரைப் பிடுங்கியிருக்கலாம். மனம் வரவில்லை.

"யாருங்க வந்திருக்கா?" சமையலறையிலிருந்து ஷர்லி கேட்டாள்.

"யாருமில்ல."

அவன் சொன்னது ஸ்பீக்கரில் திரும்பக் கேட்டது. வாசற்படியில் நின்று கேட்டால் எப்படிக் கேட்குமோ, அப்படி.

"இனியா," என்றான் மெதுவாக. "அப்பா இங்கிட்டு இருக்கேன்டா."

நாற்காலிக்குப் பின்னால் மண்வாடை வந்தது. நிற்கவில்லை. அவனைக் கடந்து போனது.

ஸ்பீக்கரில் குழாய்த் தண்ணீர். பாத்திரம் விழும் சத்தம். ஷர்லியின் மூச்சு, மிக அருகில். அப்புறம் ஒரு துடிப்பு. நெஞ்சில் காதை வைத்து அழுத்தினால் கேட்குமே, அது.

வேகமாக. இன்னும் வேகமாக.

பிறகு விட்டு விட்டு.

ஓடினான். ஷர்லி சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கியவள்போல் இடுப்பு ஒருக்களித்திருந்தது. சேலை முழுக்கச் சேறு. கண்கள் திறந்தே இருந்தன. கழுத்தை இரண்டு சின்னக் கைகள் சுற்றியிருந்தன.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

ஒரு கை மட்டும் விலகி, தூக்கச் சொல்லி, அவன் பக்கம் நீண்டது.