நப்பின்னை கற்ற ஆர்மீனியம்

ஐப்பசி வெள்ளம் வடிந்து தெளிந்திருந்த பாலாற்றின் மேல் முழுநிலவு அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. மேற்கே அந்திச் செம்மை இன்னும் அடங்கவில்லை. அவ்விரு ஒளிகளுக்கும் நடுவே, படுத்த களிறுகளைப் போலக் கருத்துக் கிடந்த அரிமணங்கோட்டை மதில்களில் அன்று ஒரு தீபமும் ஏற்றப்படவில்லை. வாசகர்களே, அது துக்கத்தின் இருள். முதல் நாள் மாலையில்தான் இளையவர் கோனேரிராயர், ஆற்றுத்துறையில் பகைவரின் மறைந்திருந்த துப்பாக்கிகளுக்கு இரையாகியிருந்தார்.

அவர் அத்துறை வழியாக வருவார் என்பதைக் கோட்டைக்குள் இருந்த எவரோதான் பகைவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று பகலில், கோனேரிராயரின் குதிரை வீரர்கள் வடகரையில் ஓர் ஆர்மீனிய இரத்தின வணிகனைப் பிடித்தார்கள். ஸர்கிஸ் என்பது அவன் பெயர். அவனது சேணத்துக்குள் ஒரு கடிதம் இருந்தது. அரிமணங்கோட்டையில் ஒருவருக்கும் தெரியாத எழுத்து. பகைவரின் பீரங்கித் தலைவனும் ஆர்மீனியன் என்பதை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

"வியாபாரக் கடிதம்தான், பிரபு," என்றான் ஸர்கிஸ், கைகள் கட்டுண்டபடியே.

"ஒற்றனின் கடிதத்தை ஒற்றனே பெயர்த்தால் யார் நம்புவது?" என்றார் தளவாய்.

அரசர் பைரப்ப நாயக்கர், தம்பியை இழந்த துயரத்தால் தளர்ந்து சிம்மாசனத்தில் சாய்ந்திருந்தார். "இவ்வெழுத்தை வாசிக்க வல்லார் நம் அவையில் எவருமே இல்லையா?"

அப்போது ராயசம் நப்பின்னை எழுந்தாள். அரண்மனை ஓலைகள் அனைத்தையும் எழுதும் அந்தப் பதவியைத் தந்தைக்குப் பின் ஏற்றவள். தெலுங்கு, மராட்டி, பாரசீகம், போர்த்துகீசு ஆகியவற்றில் தேர்ந்தவள். கோனேரிராயர் திரும்பி வந்ததும் அவளை மணக்க அண்ணனிடம் அனுமதி கேட்பதாக இருந்தார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். ஆகவே அவளால் அழக்கூட முடியவில்லை.

"அரசே, இக்கடிதத்தின் நகல் ஒன்றும் முப்பது நாட்களும் தாருங்கள். ஆர்மீனியம் கற்று வந்து வாசிக்கிறேன்."

அவை நகைத்தது. அரசர் மட்டும் மென்மையாக, "தந்தோம், நப்பின்னை," என்றார்.

மூன்று நாள் வண்டிப் பயணத்தில் மயிலாப்பூரை அடைந்தாள். அங்கே தேடியதெல்லாம் வீணாயிற்று. சாந்தோம் பாதிரியார் தம் நூலறையைத் திறந்து காட்டினார். இலத்தீன் இலக்கணம் இருந்தது, எபிரேய அகராதி இருந்தது, ஆர்மீனியத்துக்கு ஒரு தாளும் இல்லை. ஆர்மீனிய வணிகர்களின் மாளிகைகளில் மோர் கொடுத்து உபசரித்தார்கள். மொழியைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்கு அம்மொழியே பெட்டகத்தின் பூட்டு.

எட்டாம் நாள் மாலை, ஆர்மீனியரின் இடுகாட்டில் ஒரு கல்லைக் கண்டாள். மேலே ஆர்மீனியம், கீழே போர்த்துகீசு. பெயர் எம்மொழியிலும் பெயர்தானே! கீழிருந்த பெயரின் ஒலிகளை மேலிருந்த எழுத்துகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி, விரலால் தடவி, உரக்க வாசித்தாள்: "பெ...த்...ரோஸ்."

"யாரும்மா அது, என் வூட்டுக்காரர் பேரச் சொல்றது?"

திரும்பினாள். தன் வயதுடைய ஒரு பெண், கையில் மெழுகுவத்தியோடு நின்றாள். அந்தக் கல்லின் கீழ் உறங்குபவனின் மனைவி மரியம்.

"எதுக்கு எங்க பாஷ உனக்கு?"

"என்னவர் எப்படிச் செத்தார் என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை."

மரியம் மெழுகுவத்தியைக் கல்லின் மேல் வைத்தாள். வீட்டுக்கு அழைத்துப் போய்த் தன் ஜெபப் புத்தகத்தைத் தந்தாள். நப்பின்னை போர்த்துகீசில் அறிந்திருந்த பரமண்டல ஜெபமே முதல் பாடமாயிற்று: 'ஹாயிர் மேர்', எங்கள் பிதாவே. ஆனால் ஜெபத்தின் மொழி வேறு, சந்தையின் மொழி வேறு. "இப்டி எவனும் பேச மாட்டான்," என்று சிரித்து, ஆறு, குதிரை, அண்ணன், தம்பி, சாவு என்று அன்றாடச் சொற்களை மரியம் நாள்தோறும் சொல்லித் தந்தாள்.

திரும்பும் வழியில், ஆடும் வண்டிக்குள் கடிதத்தின் நகலை விரித்தாள். பாதிச் சொற்கள் பிடிபட்டன. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியை விரைவாக ஓட்டச் சொன்னாள்.

கோட்டைக்கு வந்ததும் சிறைக்குச் சென்றாள். "ஹாயிர் மேர்," என்றாள் கம்பிகளுக்கு அப்பால். ஸர்கிஸ் துள்ளி எழுந்தான். மறுகணம் அவன் முகம் வெளுத்தது.

"அம்மணி, தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். நீங்களாவது பிழைப்பீர்கள்."

"அவர் சொல்லச் சொல்ல எழுதியது உமது கைதானே?"

"என் கைதான்," என்றான். "சொன்னாலும் எனக்குச் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு."

முப்பதாம் நாள் அவை கூடிற்று. நப்பின்னை தலை குனிந்தாள். "அரசே, அடியாள் தோற்றேன். எழுத்துகள் வந்தன, பொருள் வரவில்லை."

"வருந்தாதே. யாரால்தான் முடியும்?" என்றார் பைரப்ப நாயக்கர். கடிதத்தைத் தம் கையாலேயே விளக்கில் காட்டினார். ஸர்கிஸை வாளுக்கு இரையாக்க ஆணையிட்டார்.

இழுத்துச் செல்லப்படும்போது அவன் அவளைப் பார்த்துத் தன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னான். அது ஜெபத்திலும் இல்லாத சொல், மரியமும் சொல்லித் தராத சொல். நன்றியோ, சாபமோ, அவளுக்குத் தெரியவில்லை.

அன்று அந்தியில் அவள் ஆற்றைக் கடந்தாள். வடகரையில் கோனேரிராயரின் வீரர்கள் நாற்பது பேர் இன்னும் பாசறை இட்டிருந்தார்கள். அவர்களின் தலைவன் மல்லப்பன் தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்தான். கோட்டையிலிருந்து பகைவரின் பீரங்கித் தலைவனுக்குப் போகவிருந்த அக்கடிதத்தை, அவள் தன் நகலை விரித்து வாசித்தாள்.

"'துறையில் நீர் முடித்த காரியம் அறிந்தோம். வாக்களித்தபடி வடகரை ஊர்கள் ஏழும் உம்முடையவை. இம் எக்பாயிர்...'"

"அப்படின்னா?"

"'இம்' என்றால் என். 'எக்பாயிர்' என்றால் உடன்பிறந்தான். 'என் உடன்பிறந்தான் இனி எமக்குக் குறுக்கே நில்லான்.'"

மல்லப்பன் தீப்பந்தத்தை நகலுக்கு அருகே கொண்டுவந்தான். கோனேரிராயருக்கு உடன்பிறந்தவர் ஒருவரே என்பதை அந்நாற்பது பேரும் அறிவார்கள்.

"தெரிஞ்சும் அந்த வியாபாரியச் சாக விட்டுட்டியேம்மா," என்றான் மல்லப்பன்.

"விட்டேன். அவையில் வாயைத் திறந்திருந்தால் நானும் அங்கேயே மாண்டிருப்பேன். இக்கடிதமும் எரிந்த தாளோடு முடிந்திருக்கும். அந்தப் பழியை நான் மறுக்கவில்லை, சுமக்கிறேன்." நீரில் இறங்கி, பாலாற்றை ஒரு கை அள்ளினாள். "இந்த நீர் மேல் ஆணை! அரிமணங்கோட்டைக்கு இனி ஓர் எழுத்தும் எழுதேன். அறிந்த மொழிகள் அனைத்திலும் இக்கடிதத்தைப் பெயர்த்து, தொண்டைமண்டலத்துக் கோட்டை வாயில் ஒவ்வொன்றிலும் நின்று வாசிப்பேன். பைரப்ப நாயக்கரை அரசர் என்று அழைக்க ஒரு நாவும் எஞ்சாத நாள் வரை எனக்கு வீடில்லை, உறவில்லை, உறக்கமில்லை!"

மல்லப்பன் வாளை உருவி அவள் காலடி மணலில் ஊன்றினான். மற்ற முப்பத்தொன்பது வாள்களும் ஒன்றன்பின் ஒன்றாக உறையை விட்டு வெளிவந்தன.