பள்ளிக்கூட மேட்டில் மோதிய வண்டி

கோரலி பட்டறைக்குள் ஓடிவந்தபோது, ஜெல்மா ரஸ்ஸல் ஒரு கோல்ஃப் வண்டியின் இருக்கையைத் தூக்கிவைத்துவிட்டு பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோரலியின் இடுப்பில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காலில் செருப்பில்லை.

"ஜெல்மாக்கா, எங்க வீட்டுக்காரரு கார்னெட் கடல்ல இருந்து கரையேறினதும் விலங்கு மாட்டிட்டாங்க. பத்து மணிப் படகுல பெரிய தீவு ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்!"

"உக்காரு. குழந்தை இவ்ளோ சத்தத்துலயும் தூங்குதே?"

"நீங்க எங்க வண்டியில அந்த வேலைய செஞ்சு குடுத்ததுல இருந்து நல்லாத்தான் தூங்குது. அதுவா இப்போ முக்கியம்? தபால் ஆபீஸ் மிஸ் வெர்டெலை பள்ளிக்கூட மேட்டுல எங்க வண்டிதான் அடிச்சுப் போட்டுச்சாம். அவங்களுக்கு நினைவே வரல. கார்னெட் அஞ்சு மணிக்கே வண்டிய துறைமுகத்துல விட்டுட்டு சங்கு எடுக்கக் கடலுக்குப் போயிட்டாருக்கா!"

"கூட யாரு போனா?"

கோரலி தலையைக் குனிந்தாள். "தனியாத்தான்."

ஜெல்மா கையைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால். பாஹாமாவின் அந்தச் சின்னத் தீவில் கார் கிடையாது. எல்லோருக்கும் கோல்ஃப் வண்டிதான். இருபது வருடமாக அத்தனை வண்டிகளும் அவள் கைபட்டே ஓடின.

பள்ளிக்கூட மேட்டில், கடல்திராட்சைப் புதருக்குள் முகம் புதைத்து நின்றது கார்னெட்டின் வண்டி. இடது விளக்கு நொறுங்கியிருந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தெரன் தீவுக்கு வந்து மூன்றே மாதம். இளைஞன், சுறுசுறுப்பானவன், தன் முதல் பெரிய வழக்கை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்ட பெருமையில் இருந்தான்.

"மிஸ் ஜெல்மா, இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. போன வாரம் கார்னெட்டுக்கும் அந்தம்மாவுக்கும் தபால் ஆபீஸ்ல பெரிய சண்டை. வண்டிச் சாவி அவன் பாக்கெட்லயே இருந்துச்சு. ஓட்டல்காரர் எவரெட் சார் கண்ணால பாத்திருக்கார். ஏழு பத்துக்கு அவர்தான் நர்ஸுக்குப் போன் பண்ணினார்."

"எவரெட் என்ன பாத்தானாம்?"

தெரன் குறிப்பேட்டை விரித்தான். "'வராண்டாவுல காபி குடிச்சிட்டிருந்தேன். வண்டி மோதிச்சு. கார்னெட் ரிவர்ஸ் எடுத்தான், பீப் பீப்னு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் புதருக்குள்ள விட்டுட்டு ஓடிட்டான்.'"

"அந்தம்மா கைக்கடிகாரம்?"

அவன் ஒரு பையை நீட்டினான். கண்ணாடி உடைந்த கடிகாரம் ஆறு இருபத்தைந்தில் நின்றிருந்தது. "பழைய கடிகாரம். முன்னாடியே நின்னிருக்கும்."

"அந்தக் கடிகாரத்தப் பாத்துத்தான் நம்ம படகே கிளம்பும், தம்பி."

ஜெல்மா வண்டியின் இருக்கையைத் தூக்கினாள். உள்ளே ஒரு சிறிய சுவிட்ச். அதைத் தொடாமல் விரலால் காட்டினாள்.

"இது எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மேல இருந்தா வண்டி ஓடும். கீழ இருந்தா சாவிய எத்தனை தடவ திருகினாலும் அசையாது. கட்டி இழுக்கறப்போ மட்டும்தான் கீழ தள்ளுவோம். இப்போ எங்க இருக்கு?"

தெரன் குனிந்து பார்த்தான். முகத்திலிருந்த பெருமை வடிந்தது. "கீழ."

"காலையில இருந்து யாராவது இதத் தொட்டாங்களா?"

"நான்தான் இங்கயே நிக்கறேனே! அப்போ... இந்த வண்டி ஓடி வரல. யாரோ இழுத்துட்டு வந்திருக்காங்க!" அவன் மணியைப் பார்த்தான். "ஐயோ, படகுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான்!"

இருவரும் துறைமுகத்துக்கு விரைந்தார்கள். அங்கே பாதித் தீவு கூடியிருந்தது. இன்னொரு கான்ஸ்டபிளின் காவலில் விலங்கோடு நின்ற கார்னெட்டைச் சுற்றிக் கூச்சல். "கடல்ல தள்ளுங்கடா அவன!" என்றது ஒரு குரல். கோரலி குழந்தையை அணைத்தபடி அவன்முன் மறித்து நின்றாள். சற்றுத் தள்ளி, சரக்குப் படகில் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்றைக் கயிறுபோட்டு இறுக்கிக்கொண்டிருந்தார் எவரெட்.

"எவரெட், ஒரு நிமிஷம்," என்றாள் ஜெல்மா. "கார்னெட் வண்டி ரிவர்ஸ் போன சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"தெளிவாக் கேட்டுச்சு. நம்ம தீவுல எல்லா வண்டியும் அப்படித்தானே கத்தும்?"

"எல்லாம் கத்தும். கார்னெட்டோடது கத்தாது. விடியக்காலையில அவன் வண்டி எடுக்கறப்போ குழந்தை முழிச்சு அழுதுன்னு கோரலி வந்து கேட்டா. போன மாசம் நானே அந்த ரிவர்ஸ் ஹாரன அறுத்து எடுத்தேன். என் மேஜைக்குள்ளதான் கெடக்கு."

கூச்சல் அடங்கியது. எவரெட் சிரிக்க முயன்றார். "வேற ஏதாவது வண்டிச் சத்தமா இருக்கும்."

"இருக்கும். உன்னோடது. இருபது வருஷமா உன் வண்டிக்கு ஆணி முடுக்கணும்னாலும் எங்கிட்டதான் வருவே. இன்னைக்கு எதுக்கு ஒண்ண மூடிக் கட்டி வெளியூர் அனுப்பறே?"

தெரன் சரக்குப் படகுக்குள் தாவித் தார்ப்பாயை இழுத்தான். இடது விளக்கு உடைந்திருந்தது. அதன் வளையத்தில் ஊதா நூல் சிக்கியிருந்தது. மிஸ் வெர்டெல் தோளை விட்டு இறக்காத ஊதாச் சால்வையை அறியாதவர் தீவில் இல்லை.

எவரெட் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "மேட்டுல வண்டி ஓட்டறப்போ போன்ல யாரோ கூப்பிட்டாங்க. ஒரே ஒரு செகண்டுதான் குனிஞ்சேன்... அந்தம்மா அசையாம கெடந்தா, ஜெல்மா. செத்துட்டாளுன்னு நெனச்சேன். இங்க வந்தா கார்னெட் வண்டி சும்மா நின்னுச்சு. சண்டை போட்டது ஊருக்கே தெரியும். கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்துட்டுப் போயி, கல்லால விளக்க உடைச்சேன்."

"ஆறு இருபத்தஞ்சுக்கு மோதினே. ஏழு பத்துக்கு நர்ஸக் கூப்பிட்டே." ஜெல்மா அவர் அருகே வந்து நின்றாள். "கை தவறி மோதினத ஊரு மன்னிச்சிருக்கும். முக்கால் மணி நேரம், எவரெட். அவ உசுரோட ரோட்டுல கெடந்தா. நீ கயிறு தேடிட்டிருந்தே."

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

தெரன் கார்னெட்டின் விலங்கைக் கழற்றினான். "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றது அவனுக்கே கேட்டிருக்காது. அந்த நேரத்தில் மிஸ் வெர்டெலைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்ந்தாள். "இன்னொரு ஆள் பிடிங்க!" என்று கத்தினாள்.

கார்னெட் போய்த் தலைமாட்டில் பிடித்தான். மணிக்கட்டில் விலங்கின் தடம் இன்னும் சிவந்திருந்தது.

அதற்குள் கூட்டம் எவரெட்டின் பக்கம் திரும்பிவிட்டது. அதே குரல்கள், அதே வசவுகள். "இவன கடல்ல தள்ளுங்கடா!"

"கத்தாதீங்க," என்றான் கார்னெட், திரும்பிப் பார்க்காமல். "வழி விடுங்க. இவங்கள ஆடாம ஏத்தணும்."